ஆம்புலன்ஸ் உதவியாளர்களுக்குக் குடும்ப வன்முறை பற்றிய வகுப்பு: மூன்று மணி நேரத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது?

கேட்பவர்: மார்த்தாண்டம் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகில் அவசர மருத்துவ உதவியாளர் படிப்பு நடத்தும் ஒரு நிலையத்தில் பாடம் எடுக்கிறேன். இறுதிப் பருவத்தில் 32 மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 19 பேர் பெண்கள். மாரடைப்பு, சாலை விபத்து, பிரசவம், பாம்புக்கடி, நஞ்சு ஆகிய எல்லாவற்றுக்கும் எங்கள் பாடத்தில் இடம் இருக்கிறது. வீட்டுக்குள் அடிபட்ட ஒரு பெண்ணை எப்படி அறிந்துகொள்வது, அறிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு பக்கம்கூட இல்லை. நிர்வாகத்திடம் பேசி ஒரு சனிக்கிழமை முற்பகலில் மூன்று மணி நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் களப் பயிற்சிக்காக ஒரு மாணவியை அழைத்துக்கொண்டு வண்டியில் சென்றிருந்தேன். திருவட்டாறு பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புருவத்துக்கு மேல் தோல் பிளந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. இடது முன்கை வீங்கியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகக் கணவர் சொன்னார். பெயர் என்ன, எங்கே வலிக்கிறது, மயக்கம் வந்ததா என்று மாணவி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். விடியற்காலையிலிருந்து பெய்த மழையில் கிணற்றடி முழுவதும் சேறாகக் கிடந்தது. அங்கே விழுந்தவருடைய நைட்டியில் ஒரு துளி சேறு இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சரை இறக்கும்போது அந்தப் பெண் மாணவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. ‘பயப்படாதீங்க அக்கா, உள்ள டாக்டர் பாத்துக்கிடுவாங்க’ என்று சொல்லி மாணவி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடியும் வண்டி போயிருக்கிறது. இந்த முறை அந்தப் பெண் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக் குடித்திருந்தார். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் உணவுக்குழாய் சுருங்கிப்போனதால் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த மணிக்கட்டை எப்போது நினைத்தாலும், எங்கள் இருவருக்கும் அப்போது சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டிய ஏதோ ஒன்று சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

எந்தக் காயம் ஐயத்தைத் தர வேண்டும், கணவர் கூடவே இருக்கும்போது எப்படிக் கேட்பது, பதிவேட்டில் என்ன எழுதுவது, யாரிடம் ஒப்படைப்பது ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்களின் கருத்து எனக்கு வேண்டும். மாணவர்களுக்கு இன்னொரு பெரிய அச்சமும் இருக்கிறது: ‘எழுதினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்’ என்பது. அதற்கும் நேர்மையான விடை தேவை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

தம்பி, உங்கள் மாணவி கையை விடுவித்துக்கொண்டதற்காக அவளைக் குறைசொல்ல மாட்டேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கே, அப்படிப் பிடிக்கும் கையின் பொருள் விளங்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

காயத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். விழுகிறவர் தம்மைத் தாங்கிக்கொள்ள முயல்வதால், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், நெற்றி, தாடை போன்ற எலும்பு முன்துருத்திய இடங்களில்தான் பெரும்பாலும் அடிபடும். மேல்கையின் உட்புறம், காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு, வயிறு, முதுகு, தொடையின் உட்பக்கம் ஆகியவை பொதுவாக விழுந்து அடிபடும் இடங்கள் அல்ல. முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் தனியே முறிந்திருந்தால், அடியைத் தடுக்க முகத்துக்கு நேரே கையைத் தூக்கியிருக்கலாம் என்று நினையுங்கள். உங்கள் திருவட்டாறு நோயாளியின் வீங்கிய முன்கை எந்தப் பக்கம் வீங்கியிருந்தது என்று இன்று உங்களால் சொல்ல முடியுமா? அதைப் பார்க்கப் பழக்குவதுதான் பயிற்சி. புதுக் காயத்தோடு பழைய காயங்களும் சேர்ந்திருப்பது, அடிபட்டுப் பல மணி நேரம் கழித்து அழைப்பது, சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருந்தாமல் இருப்பது, ஒரே வீட்டிலிருந்து அடிக்கடி அழைப்பு வருவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. ஆனால் ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து ‘இது மூன்று நாள் பழையது’ என்று எழுதிவிடக் கூடாது. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் நிறம் மாறும் வேகம் வேறுபடும்; மாநிறத் தோலில் நிறமே சரியாகத் தெரியாது. எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்ததாக நான் சொல்லப்போவதற்கு உங்கள் மூன்று மணி நேரத்தில் அரை மணியாவது ஒதுக்குங்கள். அது கழுத்தை நெரிப்பது. வண்டியில் வரும் பெண் தெளிவாக உட்கார்ந்திருப்பார், கழுத்தில் ஒரு கீறல்கூட இருக்காது, ‘தொண்டை கொஞ்சம் கரகரங்கு’ என்பார், அவ்வளவுதான். 2001இல் அமெரிக்காவில் போலீசுக்கு வந்த 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்தபோது, பாதிப்பேருக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லாதிருந்தது தெரியவந்தது. 2008இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வின்படி, இணையரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு கூடுகிறது. ஆகையால் குரல் மாறியிருக்கிறதா, விழுங்க வலிக்கிறதா, கண்ணின் வெள்ளையிலும் இமையின் உட்புறத்திலும் ஊசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, அந்த நேரத்தில் சிறுநீர் கசிந்ததா, இடையில் சிறிது நேரம் நினைவே இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர் பற்றிய கேள்விக்குப் பெண்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பார்கள். நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவருக்கு மூச்சுத் திணறல் இருந்தால் சாய்ந்து உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுங்கள். கழுத்தை அழுத்தவோ திருப்பவோ வேண்டாம். மூச்சில் விசில் போன்ற ஒலி கேட்கிறதா என்று வழி முழுவதும் கவனியுங்கள். ‘இப்ப நல்லாதான் இருக்கேன்’ என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். தொண்டை வீக்கம் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சை அடைக்கும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ஒப்படைக்கும்போது ‘கழுத்து வலி’ என்று சொல்லாமல் ‘கழுத்து நெரிக்கப்பட்டது’ என்று டாக்டரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். கழுத்து வலி என்று கேட்டால் ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.

ஆசிட் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் ஆசிட் என்று நாம் சொல்வது ஃபார்மிக் அமிலம். குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரியைக் கொடுக்கக் கூடாது, மூக்கு வழியாகக் குழாய் விட முயலக் கூடாது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்து, மேலே சிந்திய துணியைக் கழற்றிக் கழுவிவிட்டு, மூச்சுக்குழாயைப் பாதுகாத்தபடி விரைவாகக் கொண்டுபோக வேண்டும். அதோடு, வீட்டில் ஒரு பெண் ஆசிட்டோ அரளி விதையோ ஒதளங்காயோ எடுத்திருக்கிறார் என்றால், அதற்கு முந்தின இரவு என்ன நடந்தது என்பதையும் யோசியுங்கள். அதைத் தற்கொலை முயற்சி என்ற ஒரு சொல்லோடு முடித்து அனுப்பிய பல பெண்களின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கர்ப்பிணியின் வயிற்றில் அடிபட்டிருந்தால் வெளியே ரத்தப்போக்கு இல்லாவிட்டாலும் அழைத்துப் போக வேண்டும். நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளேயே ரத்தம் தேங்கலாம். வயிறு பலகை போல இறுகியிருந்தால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, போய்ச் சேருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள்.

மறுமொழி 2: கடற்கரை வண்டி (மருத்துவ உதவியாளர்)

சிஸ்டர் சொன்ன காயங்களைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் 108 வண்டியில் கடற்கரைப் பகுதியில் வேலை செய்கிறேன். அதற்கு முன்பு குலசேகரம் பக்கம் மலையோரத்தில் இருந்தேன். சார் கேட்ட கேள்விகளில் ‘எப்படிக் கேட்பது’ என்பதற்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குத் தனிமை கிடைக்கும் இடம் மிகக் குறைவு. கடற்கரையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. வண்டி உள்ளே போகாத சந்துகளில் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு வரும்போது தெரு முழுவதும் கூடவே நடந்து வருகிறது. ரப்பர் தோட்டத்துச் சரிவிலிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்கி வரும்போதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் மாமி, நாத்தனார், கொழுந்தன் என்று சுற்றி நிற்கிறார்கள். வண்டியின் பின்கதவைச் சாத்திய பிறகு ஆஸ்பத்திரி வாசலில் அதைத் திறக்கும் வரையில் உள்ள நேரம்தான், அது பதினைந்து நிமிடமானாலும் நாற்பது நிமிடமானாலும், அந்தப் பெண்ணுக்கு வாய்க்கும் ஒரே அறை. அந்த அறையைக் காலி செய்து கொடுப்பதுதான் எங்கள் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான்.

எப்படிக் காலி செய்வது? கூட வருகிறவரை முன்னால் பைலட் (வண்டி ஓட்டுநர்) பக்கத்தில் உட்காரச் சொல்லிவிடுவேன். ‘உள்ள எனக்குக் கை கால் நீட்டி வேலை செய்ய இடம் வேணும், ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல முன்னாடி ஒருத்தர் வேணும்’ என்று எல்லா நோயாளியின் உறவினரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்கிறேன். நெஞ்சு வலி நோயாளி என்றாலும் அதேதான். எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்வதால் யாருக்கும் ஐயம் வருவதில்லை. பைலட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவர் முன்னால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டுவார். ஆகவே உங்கள் வகுப்பில் பைலட்டுகளுக்கும் ஒரு பகுதி வையுங்கள், சார். கணவர் பின்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தால் நான் வற்புறுத்த மாட்டேன். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். அவர் எதிரில் கேட்டால் அந்தப் பெண் ‘இல்லை’ என்றுதான் சொல்லியாக வேண்டும். வீடு திரும்பிய பிறகு அந்தக் கேள்விக்கான தண்டனையும் அவருக்குத்தான். விவரம் புரியும் வயதுக் குழந்தை கூட இருந்தாலும் கேட்பதில்லை. குழந்தை அப்பாவிடம் சொல்லிவிடும்.

முதலில் ரத்தத்தை நிறுத்துகிறேன், பி.பி. பார்க்கிறேன், வலிக்கு வேண்டியதைச் செய்கிறேன். கையைத் தொடுவதற்கு முன் ‘தொடட்டுமா அம்மா?’ என்று கேட்கிறேன். சிலருக்கு அன்று முழுவதும் யாரும் கேட்காமல் தொட்ட கைகள்தான். அதற்குப் பிறகு, முகத்தைப் பார்க்காமல் கட்டுப் போட்டுக்கொண்டே இப்படிச் சொல்வேன்: ‘இப்படிக் காயத்தோட வார சிலருக்கு வீட்டுல ஆராவது அடிச்சதா இருக்கும். உங்களுக்கும் அப்படியா?’ அவ்வளவுதான். ‘ஏன் அடித்தார்?’, ‘நீங்கள் என்ன சொன்னீர்கள்?’, ‘ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?’ என்ற மூன்று கேள்விகளும் என் வண்டியில் தடை. ‘ஆமாம்’ என்று வந்தால், ‘சொன்னது நல்லது. இது உங்க தப்பு இல்ல’ என்று சொல்லிவிட்டு, ‘இண்ணைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போக பயமா இருக்கா?’ என்று கேட்பேன். அதற்கு வரும் பதில்தான் ஆஸ்பத்திரியில் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ‘இல்ல மக்கா, வழுக்கி விழுந்தேன்’ என்று வந்தால் ‘சரி, அம்மா’ என்று விட்டுவிடுவேன். வற்புறுத்தினால் நானும் அவரை அடக்குகிற இன்னொரு ஆள் ஆகிவிடுவேன்.

நோட்டீஸோ அட்டையோ கையில் கொடுப்பதில்லை. அதைக் கணவர் கண்டெடுத்தால் அன்றிரவு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. பெண்களுக்கான உதவி எண்ணாகிய 181 என்ற மூன்று இலக்கத்தை வாயால் சொல்லி, ஒருமுறை திருப்பிச் சொல்லவைக்கிறேன். எந்த நேரமும் பேசலாம், பேசிய பிறகு போனிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள் என்றும் சொல்கிறேன்.

வாசலில் நிற்கும்போதும் கவனம் வேண்டும். அடித்தவர் குடித்துவிட்டுக் கையில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் உள்ளே பாயக் கூடாது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிப் போலீஸ் வரும்வரை வண்டியில் இருக்க வேண்டும். வண்டியின் முகத்தை எப்போதும் வெளியேறும் பக்கமாகத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். அவரோடு வாதாடி ‘பெண்ணை அடிக்கலாமா’ என்று கேட்க நாங்கள் போகவில்லை. இளம் ஆண் உதவியாளர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், நல்ல எண்ணத்தோடுதான் போய்ச் சண்டையைப் பெரிதாக்கி வைப்பார்கள்.

கடைசியாக ஒரு வருத்தம். பயிற்சிகளில் எப்போதும் மீனவர் வீட்டையும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பையும்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. ஆசிரியர் வீட்டிலிருந்தும் அரசு அலுவலர் வீட்டிலிருந்தும் நான் பெண்களை ஏற்றியிருக்கிறேன். அந்த வீடுகளில் கதை இன்னும் நேர்த்தியாகச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வளைகுடாவில் இருக்க, கூட இருக்கும் ஒரே மகனிடம் சொத்துப் பத்திரத்துக்காக அடிவாங்கிய எழுபது வயது அம்மாவையும் ஏற்றியிருக்கிறேன். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டையின் தோடு உடைத்து விரல் கறுத்த ஒரு அக்காவின் கையில், அந்தக் கறுப்பைத் தாண்டித் தெரிந்த சிகரெட் சூட்டை நான் முதல் தடவை பார்க்கத் தவறினேன். வேலைக் கறை என்றே நினைத்துவிட்டேன். அந்தத் தவற்றை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: ஒரு மருத்துவர்

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. அடிபட்ட எல்லாப் பெண்களிடமும் கேட்டே ஆக வேண்டும் என்று மாணவர்களுக்குக் கட்டளையாகச் சொல்லிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் எல்லாரிடமும் பட்டியல் வைத்துக் கேட்பதைப் பரிந்துரைக்கவில்லை. காயமோ நோய்க்குறியோ ஐயம் தரும்போது, தனிமை இருக்கும்போது, கேட்பவர் பயிற்சி பெற்றவராக இருக்கும்போது, கேட்ட பிறகு அனுப்பி வைக்க ஓர் இடம் இருக்கும்போது கேட்கச் சொல்கிறது. செவிமடுத்துக் கேட்பது, தேவையை விசாரிப்பது, சொன்னதை நம்புவதை வெளிப்படுத்துவது, பாதுகாப்பைக் கூட்டுவது, உதவியோடு இணைப்பது என்ற ஐந்தையும் அந்நிறுவனம் முதல்நிலை ஆதரவாகச் சொல்கிறது. இவற்றில் கடைசி இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாவிட்டால், வண்டியில் கேட்ட கேள்வி அந்தப் பெண்ணின் புண்ணைத் திறந்துவிட்டு மூடாமல் போனதாக முடியும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மும்பையில் பாந்த்ராவிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையில் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலேயே தில்லாசா என்ற உதவி மையம் தொடங்கப்பட்டது. நம் எல்லைக்கு அப்பால் கேரளத்து அரசு மருத்துவமனைகளில் பூமிகா மையங்கள் 2009 முதல் இயங்குகின்றன. நம் மாவட்டத்திலும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 2015இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். உங்கள் மாணவர்களை வகுப்புக்கு முன்பாகவே ஒரு நாள் அங்கே அழைத்துச் சென்று, அங்குள்ள பணியாளரின் முகத்தையும் பெயரையும் அறிந்துகொள்ளச் செய்யுங்கள். நள்ளிரவில் ஒரு பெயரைச் சொல்லி ஒப்படைப்பதற்கும் ‘அங்கே போங்கள்’ என்று சொல்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

மறுமொழி 4: வழக்கறிஞர், பத்மநாபபுரம்

கோர்ட் அச்சத்துக்கு நான் விடை சொல்கிறேன். பதிவேட்டில் உண்மையை எழுதிய உதவியாளர் ஒருவர் அதனால் சிக்கலில் மாட்டியதை நான் கண்டதில்லை. சாட்சியாக ஒருமுறை வரவேண்டியிருக்கலாம். அது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் சரியாக எழுதியவர் தம் எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒன்றும் எழுதாதவரைத்தான் குறுக்கு விசாரணை நெடுநேரம் நிற்க வைக்கும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘நோயாளி கூறியது’ என்று போட்டு, அவர் வாயிலிருந்து வந்த சொற்களை மேற்கோள் குறிக்குள், வட்டார வழக்கில் இருந்தால் அப்படியே, மலையாளம் கலந்திருந்தால் அதையும் அப்படியே, நேரத்தோடு எழுத வேண்டும். ‘குற்றம் சாட்டுகிறார்’, ‘சொல்லிக்கொள்கிறார்’ போன்ற சொற்கள் நம்பாத தொனியைத் தருவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ‘கணவர் அடித்த காயம்’ என்று நீங்களாக முடிவு எழுதவும் கூடாது. கணவர் சொன்ன கதையையும் ‘கணவர் கூறியது’ என்று தனியாக எழுதுங்கள். சேறில்லாத நைட்டி போன்ற ஒன்றை ‘உடையில் ஈரமோ சேறோ இல்லை’ என்று ஒரு வரியில் எழுதியிருந்தால், அதன் மதிப்பைப் பின்னால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ரத்தக்கறை படிந்த துணியை வெட்ட நேர்ந்தால் கிழிசலின் மேல் வெட்டாமல், காகிதப் பையில் போட்டு ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

தீக்காயமோ நஞ்சோ ஆனால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பெண் இறந்துவிட்டால், தம் மரணத்துக்கான காரணம் பற்றி வண்டியில் உங்களிடம் சொன்ன சொற்கள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி சாட்சியமாக ஏற்கப்படலாம். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குவதற்குள் நினைவு தப்பிவிடுகிற பெண்கள் உண்டு. அவர்களுடைய கடைசித் தெளிவான பேச்சைக் கேட்டவர் உங்கள் மாணவராக இருக்கலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு கருதுகிறது. ஆகவே ‘கேஸ் ஆகிவிடும்’ என்று சொல்லி நோயாளியைப் பயமுறுத்துவது சட்டப்படியும் தவறு.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதை மட்டுமின்றி, பாலியல் கொடுமை, வாய்ச்சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, சம்பளத்தையும் நகையையும் பறித்து வைத்துக்கொள்வது ஆகியவையும் அதில் வன்முறைதான். மனைவி மட்டுமல்லாமல் தாயும் சகோதரியும் மகளும் அதன் பாதுகாப்பைக் கோரலாம். மேலே சொல்லப்பட்ட எழுபது வயது அம்மாவுக்கும் அது பொருந்தும். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ கிடையாது என்று 4ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. புகார் கொடுக்கவில்லை என்பதற்காக ஆஸ்பத்திரி சிகிச்சையை மறுக்க முடியாது. குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை முன்பே பதிவாகியிராவிட்டால், அதற்குரிய படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புவது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. மருத்துவ அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். இவை உதவியாளரின் வேலைகள் அல்ல என்றாலும், ‘ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு ஆண்டு கழித்து எங்களிடம் வரும் பெண்களில் பலருக்கு அந்த ஒரு தாள் இருப்பதில்லை. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்று தயங்கவும் வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தர வேண்டும்.

நோயாளி 18 வயது நிறையாதவராக, பாலியல் கொடுமைக்கு ஆளானவராக இருந்தால் நிலைமை வேறு. திருமணமாகியிருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். அங்கே விருப்பம் கேட்கும் இடம் இல்லை.

மறுமொழி 5: பெயர் வேண்டாம்

நான் ஒரு நோயாளியாக எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. என் வீட்டுக்காரரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அந்த உதவியாளப் பெண் மேலே எழுதியிருப்பது போன்ற ஒரு கேள்வியைக் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ‘சரி அக்கா’ என்றுதான் சொன்னார். பெல்ட்டை விலா மேல் படாமல் கீழே தள்ளிப் போட்டுவிட்டு, ‘இப்பவே சொல்லணும்ணு இல்ல, எப்ப வேணும்ணாலும் 181 ஞாபகம் வச்சிக்கிடுங்க’ என்றார். எட்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு மைனியின் போனில் அந்த எண்ணை அழைத்தேன்.

அந்த உதவியாளருக்கு இது தெரியாது. தம் கேள்வி வீணாகிப் போயிற்று என்றே நினைத்திருப்பார். ‘இல்லை’ என்று சொல்லும் பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு உங்கள் வகுப்பில் நேரம் கொடுங்கள், ஐயா. முதல் தடவை கேட்கும்போது பெரும்பாலும் நாங்கள் இல்லை என்றுதான் சொல்வோம்.

கேட்டவர்: மார்த்தாண்டம் பயிற்றுநர்

எல்லாருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்று எழுதிய அக்காவின் மடலை மூன்று முறை படித்தேன்.

என் திட்டம் மாறிவிட்டது. முதல் மணி நேரத்தில் படங்களை வைத்து அறிகுறிகளைச் சொல்லலாம் என்றிருந்தேன். இப்போது அதை அரை மணியாகக் குறைத்து, கழுத்து நெரிப்புக்கும் ஆசிட்டுக்கும் அடுத்த அரை மணியைக் கொடுக்கிறேன். மீதி இரண்டு மணி நேரமும் பழைய வண்டி ஒன்றை நிறுத்தி, கதவைச் சாத்தி, இருவர் இருவராக உள்ளே பேசிப் பார்க்கப் போகிறார்கள். நோயாளியாகப் படுப்பவர்களில் பாதிப்பேர் இல்லை என்றே சொல்ல வேண்டும். வெளியே வந்த பிறகு கேட்டதை அப்படியே எழுதிக் காட்ட வேண்டும்; எழுதியதை வழக்கறிஞர் ஐயா பார்த்துத் திருத்தித் தருவாரா என்று தனியே கேட்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் இன்னும் தயக்கம் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் என் வகுப்பில் உட்காரும் 32 பேரில் பலர் இதை வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களாகவே இருப்பார்கள். பேசிப் பார்க்கும்போது யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வது என்று யோசித்து, ஆலோசகர் ஒருவரைப் பக்கத்து அறையில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். வெளியே போக விரும்புகிறவர் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவேன். இது போதுமா என்று செவிலியர் அம்மா சொல்ல வேண்டும்.

கடற்கரை வண்டிச் சகோதரி அந்தச் சனிக்கிழமை பணி இல்லாமல் இருந்தால் ஒரு மணி நேரம் வர இயலுமா? உறவினரை முன்னால் உட்காரச் சொல்லும் அந்த வாசகத்தை உங்கள் குரலிலேயே மாணவர்கள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அன்று திருவட்டாறுக்கு என்னோடு வந்த மாணவி இப்போது வேலையில் சேர்ந்துவிட்டாள். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.